அம்மாவின் மைக்கொப்பி

தம்பி பிறந்தபோது எனக்குப் பொறாமை வரும் என்று உயிலங்குளம் முழுவதும் ஆவலோடு காத்திருந்தது. பத்து வருடமாக ஒற்றைப் பிள்ளையாக இருந்து வீட்டை ஆண்டவள் இனி என்ன பாடு படப்போகிறாள் என்று பார்ப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்பார். கோயிலுக்குப் போனால் திருநீறு தரும்போது ஐயர் கேட்பார். அடுத்த வளவில் இருந்த மாமி, அப்பாவின் தமக்கை, கேட்பதே இல்லை. நேரே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்.

"உன்ர கதிரையில இப்ப வேற ஆள் ஏறியிட்டார் பிள்ளை" என்பார்.

அவர்கள் எல்லோரையும் நான் ஏமாற்றிவிட்டேன். தம்பி மேல் எனக்குப் பொறாமையே வரவில்லை. தூங்குவதும் அழுவதும் நனைப்பதும் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? எனக்குப் பொறாமை வந்தது ஒரு சித்திரக் கொப்பியின் மேல். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதால் யாரும் என்னைத் தேற்றவும் இல்லை.

தம்பி பிறந்த பிறகு அம்மா மாறிப்போயிருந்தார். பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். தம்பி அழுதால் எழுந்து பால் கொடுப்பார்தான். ஆனால் அந்த அழுகை வேறு யாருடைய வீட்டிலிருந்தோ வருவதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டுத்தான் எழுவார். சோறு கோப்பையிலேயே காய்ந்து கிடக்கும். எனக்குத் தலை இழுக்கும் வேலையை அப்பா ஏற்றுக்கொண்டார். அப்பாவுக்குத் தெரிந்தது மாட்டுக்குக் கயிறு திரிக்கும் பின்னல் ஒன்றுதான். அந்தத் தலையோடு நான் பள்ளிக்கூடம் போனேன். பிள்ளை பெற்ற உடம்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்று மாமி சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். என் பிறந்தநாளை அம்மா மறந்துபோனதைக்கூடப் பெரிய மனது பண்ணி மன்னித்திருந்தேன்.

ஒருநாள் குடும்பநல மாது தம்பியை நிறுத்துப் பார்க்க வந்தார். தம்பியைப் பார்த்ததைவிட அம்மாவைத்தான் அவர் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது படலையடியில் அப்பாவோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். அதற்கடுத்த கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலம் கடந்து மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனார். பொழுதுபடத் திரும்பி வந்தபோது அப்பாவின் கையில் ஒரு பை இருந்தது. பைக்குள் தடித்த தாள்களோடு பெரிய சித்திரக் கொப்பி ஒன்று, கறுப்பு மைப் போத்தல் ஒன்று, இரும்பு முனை வைத்த பேனை ஒன்று. ஒரு கடதாசி உறையில் மருந்துக் குளிசைகளும் இருந்தன. குளிசைகளை நான் கவனிக்கவில்லை.

கொப்பி எனக்கென்றுதான் நினைத்தேன். வேறு யாருக்காக இருக்க முடியும்? அந்த வீட்டில் படம் வரைகிற ஆள் நான்தான். பள்ளிக்கூடச் சித்திரப் போட்டியில் பரிசு எடுத்தவள். மன்னாரில் பிறந்து மலை என்பதையே கண்ணால் கண்டிராத நான், இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் எட்டிப் பார்ப்பதை அப்படி வரைவேன். மறந்த பிறந்தநாளுக்குப் பிராயச்சித்தம் வந்துவிட்டது என்று கையை நீட்டினேன். அப்பா பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்.

"இது அம்மான்ர."

"அம்மாவுக்கு என்னத்துக்கு?"

"அங்க ஒரு மிஸ் குடுத்தவா. ஒவ்வொரு நாளும் படம் கீறச் சொன்னவா."

புலமைப்பரிசில் சோதனை எடுக்கவேண்டியவள் நான். வீட்டு வேலை கிடைத்தது அம்மாவுக்கு. இதில் ஏதோ பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அதே கிழமையில்தான் அப்பா கிணற்றுக்கும் வலை போட்டார். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கம்பி வலையை இழுத்துக் கட்டி, கிணற்றுக்கட்டின் மேல் கதவுபோலப் பொருத்தி, ஆமைப்பூட்டும் போட்டார். ஏனப்பா என்று கேட்டேன். "ஆட்டுக்குட்டி ஏதும் விழுந்திடும்" என்றார். பூட்டின் திறப்பைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். விடியப்புறம் எழுந்து அன்றைக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் தானே அள்ளிப் பெரிய பரல்களில் நிரப்பிவிட்டுத்தான் வயலுக்குப் போவார். கொப்பியால் வந்த கோபத்தில் இருந்த எனக்குக் கிணற்றைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை.

அம்மாவின் சித்திர நேரம் பின்னேரத் தேநீர் முடிந்ததும் தொடங்கும். முன்விறாந்தையில் பாய் விரித்து, ஒரு பலகையின் மேல் கொப்பியை வைத்து அம்மா உட்காருவார். கைத்தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். முதலில் தாளின் நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு சின்ன வளையம். வளையத்தைச் சுற்றி இதழ்கள், இதழ்களைச் சுற்றி இன்னொரு வளையம். இப்படியே மூச்சைப் பார்த்துப் பார்த்து விரிந்துகொண்டு போகவேண்டும். இதற்கு மண்டலம் என்று பெயர் என்று மிஸ் சொல்லியிருந்தாராம். கோலத்தை முற்றத்தில் போடாமல் கொப்பியில் போடுகிற கூத்து என்று மாமி பெயர் வைத்தார். மிஸ் சொன்ன விதிகள் இரண்டு. பக்கத்தில் யாரும் கதைக்கக் கூடாது. தொடங்கிய வளையம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை அம்மா எழும்பவும் கூடாது.

இந்த விதிகளுக்கு அப்பா காவல்காரர் ஆனார். வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று அப்பா இருமினால் அந்தக் கரையில் கொக்குகள் எழும்பிப் பறக்கும். அப்படிப்பட்ட மனிதர் அந்த நேரத்தில் பூனைபோல நடந்தார். வயல்வேலை தலைக்குமேல் கிடக்கும் காலத்திலும் தேநீருக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவார். பக்கத்து வளவுக்காரர் உழவு மெசினைத் திருத்தப் போட்டுக் கிளப்பியபோது வேலிக்கு மேலால் எட்டி, "இப்ப வேண்டாம் அண்ணை, பொழுதுபட்டாப் பிறகு எவ்வளவும் அடியுங்கோ" என்று கெஞ்சினார். வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினார். சமையலும் அவர்தான். ரொட்டி கருகினால் ஓசைப்படாமல் கோழிக்குப் போட்டார். ஒரு கொப்பிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் தமிழ்த் தினப் போட்டிக்குப் பேச்சு மனப்பாடம் செய்தபோது இதே அப்பா முற்றத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர்.

எட்ட நின்று எரிவதைவிட உள்ளே புகுந்துவிடுவது நல்லது என்று, எனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொப்பியிலிருந்து தாள் கிழித்துத் தரவில்லை. என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் வரையச் சொன்னார். அந்த அவமானத்தையும் பொறுத்துக்கொண்டு பாயின் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பால்மா ரின்னின் மூடியை வைத்துச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அம்மாவின் வளையங்களைவிட அது நூறு மடங்கு வட்டமாக இருந்தது. இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

"அம்மா, என்ர வட்டத்தைப் பாருங்கோ."

அம்மாவின் கை திடுக்கிட்டது. பேனை முனையிலிருந்து ஒரு மைத்துளி தாளில் விழுந்து பரந்தது. முன்பென்றால் என் தலையில் குட்டு விழுந்திருக்கும். நான் குட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடினேன். குட்டு வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அம்மா அந்தத் துளிக்கு ஒரு காம்பு வைத்து, நரம்பு வைத்து, இலையாக்கிக்கொண்டிருந்தார். மையை அழிக்க அழிறப்பர் இல்லை. விழுந்த பிழையையும் சேர்த்துக்கொண்டு போகவேண்டுமாம். என் பக்கம் திரும்பாமலே "வடிவாயிருக்கு" என்றார். குட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன். எனக்கு விழவேண்டிய குட்டையும் அந்தக் கொப்பியே வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு வயிற்றுவலியும் வந்து பார்த்தேன். சித்திர நேரம் தொடங்கிய கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் உருண்டேன். அம்மாவின் பேனை நின்றது. ஆனால் அவர் எழும்புவதற்குள் அப்பா வந்து என்னை அள்ளிக்கொண்டுபோய்ச் சைக்கிளில் ஏற்றிவிட்டார். டிஸ்பென்சரியில் ஒரு கசப்புத் தண்ணீர் தந்தார்கள். முழுவதையும் குடித்தேன்.

அம்மா இல்லாத நேரம் பார்த்துக் கொப்பியைத் திறந்து பார்ப்பேன். சித்திரத்தில் பரிசு எடுத்தவள் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு அதிகாரம் இருப்பதாக நினைப்பு. முதல் தாள்களைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது. கோடுகள் நடுங்கிப் போயிருந்தன. சில வளையங்கள் முட்டைபோலச் சப்பி இருந்தன. சில இடத்தில் பேனை தாளைக் கிழித்தே இருந்தது. என் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவர்கள்கூட இதைவிட நன்றாக வரைவார்கள் என்று முடிவு கட்டினேன். ஆனால் தாளைப் புரட்டப் புரட்ட நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. கோடுகள் நிமிர்ந்தன. வளையத்துக்குள் நெற்கதிர்கள் வந்தன, மீன் செதில்கள் வந்தன, குளத்துத் தாமரை வந்தது, பனையோலையின் மடிப்புகள் வந்தன. மலையும் இல்லை, சூரியனும் இல்லை. இருந்தும் வடிவாக இருந்தன. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மா எனக்கு மறுபடியும் தலை இழுக்கத் தொடங்கியிருந்தார். அதிலும் எனக்குக் குறைதான். விரலில் இருந்த மை என் வெள்ளை ரிபனில் பட்டுவிட்டது என்று ஒரு காலை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு கேள்வியை மட்டும் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்று ஆனது. நான் காணாமல் போனால் வளையத்தின் நடுவில் அம்மா எழும்புவாரா, மாட்டாரா? எழும்பினால் நான் வென்றேன். எழும்பாவிட்டால் அந்தக் கொப்பிக்கே அம்மாவைக் கொடுத்துவிட்டு மாமி வீட்டில் போய் இருந்துவிடுவது.

அதற்கு ஏற்றபடி ஒரு நாள் வந்தது. அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் முறை வைத்துத்தான் வரும். முறை வந்த நேரம் வரம்பில் ஆள் நிற்காவிட்டால் மேல்வயல்காரர் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். அப்பாவால் தேநீருக்கு வரமுடியாது. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "நான் வருமட்டும் அம்மாவை விட்டிட்டு எங்கையும் போகக்கூடாது, விளங்கிச்சோ?" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அம்மா என்னை விட்டுப் போய் எத்தனையோ மாதம். இப்போது நான் அம்மாவை விட்டுப் போகக்கூடாதாம்.

மாமி தம்பியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அம்மா பாய் விரித்தார். தாளின் விளிம்பை ஒட்டிப் பெரிய வெளிவளையத்தை அவர் தொடங்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஓசைப்படாமல் எழுந்து, குசினி வழியாகப் பின்வளவுக்குப் போய், விதைநெல் மூட்டைகள் அடுக்கியிருந்த கொட்டிலுக்குள் புகுந்துகொண்டேன். கொட்டிலின் கிடுகு இடுக்கால் பார்த்தால் கிணற்றடி மட்டும் தெரியும்.

என் பெயர் கேட்கும் என்று காத்திருந்தேன். ஒரு குரலும் வரவில்லை. அம்மாவின் குரல் அந்த மாதங்களில் பக்கத்தில் இருந்தாலே கேட்காத அளவுக்கு மெலிந்துபோயிருந்தது என்பதை நான் நினைக்கவில்லை. நெற்சுணை கழுத்தில் அரித்தது. நுளம்பு கடித்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தேடவில்லை, வளையம் முடியவில்லை, முடிந்த பிறகுதான் என் ஞாபகம் வரும் என்று எனக்கு நானே சொல்லி அழுதேன். நான் செத்துப்போனால்கூட அம்மா செத்தவீட்டுக்கு நேரம் கழித்துத்தான் வருவார். இதழ் ஒன்று மிச்சம் இருக்கிறது என்பார். இந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனதால் அதையே திரும்பத் திரும்ப நினைத்து நன்றாக அழுதேன்.

முன்பக்கத்தில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா சைக்கிளை ஒருநாளும் விழவிடுகிறவர் அல்ல. வீட்டுக்குள் ஓடுகிற சத்தம், கதவு சுவரில் மோதுகிற சத்தம். அப்புறம் கிடுகு இடுக்கில் அப்பா தெரிந்தார். முழங்கால்வரை சேறு. கூப்பிடவுமில்லை, கத்தவுமில்லை. நேரே கிணற்றடிக்கு ஓடி வந்தார். ஆமைப்பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. இருந்தும் வலையில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடியே அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

அப்பா அழுகிறார். எனக்காக அழுகிறார். நான் கிணற்றில் விழுந்துவிட்டேன் என்று நினைத்து அழுகிறார். என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. அம்மா தேடாவிட்டால் என்ன, தேட ஒரு ஆள் இருக்கிறார். இனியும் அவரை வருத்தக்கூடாது என்று இரக்கப்பட்டு, மூட்டைகளுக்கு மேலால் ஏறி வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, நான் இஞ்ச நிக்கிறன்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். வழியில் நிற்கிற வேலிக்கட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அம்மா எங்கை?"

எனக்குச் சரியாக விளங்கவில்லை. "கொப்பியோட இருப்பா" என்றேன்.

"கொப்பி கிடக்குது. பாய் கிடக்குது. அம்மா எங்கையடி?"

நான் காணாமல் போனதே அவருக்குத் தெரியாது. அவர் என்னைத் தேடி வரவேயில்லை. கொட்டிலுக்குள் அழுததெல்லாம் பொய்யழுகை என்னும்படி அப்போது எனக்கு அழுகை வந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. என்னைத் தாண்டி முன்பக்கம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

படலையைத் திறந்துகொண்டு அம்மா வந்துகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. கையில் பேனையை இன்னும் பிடித்திருந்தார். மை விரல் வழியாக மணிக்கட்டுவரை வழிந்து காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"எங்கையடி போனனீ? சந்திமட்டும் போய்த் தேடியிட்டு வாறன்" என்றார். மூச்சு வாங்கியது. பல மாதங்களில் அவர் ஒரே தடவையில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இப்போதாவது ஏச்சு விழும், குட்டு விழும் என்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். அப்பா அம்மாவிடம் போனார். பேனையோடு சேர்த்து அந்த மைக்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் முற்றத்தில் வைத்துப் பெண்சாதியின் கையைப் பிடிக்கிற ஆம்பிளையை நான் கண்டதில்லை. மாமி கண்டிருந்தால் ஒரு மாதத்துக்குக் கதை காணும். அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "பிள்ளையைத் தேடித்தான் போனனான்" என்றார். அதைக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஓம், ஓம்" என்றார் அப்பா. "வாரும். வந்து மிச்சத்தைக் கீறும்."

நான் ஒருத்தி அங்கே நிற்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். காணாமல் போன ஆள் நான், கண்டுபிடிபட்ட ஆளும் நான். கொண்டாட்டம் மட்டும் அவர்கள் இருவருக்கும். தண்ணீரைக்கூட அன்று மேல்வயல்காரர் திருப்பிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அதற்கும் யாரும் என்னை ஏசவில்லை.

அந்த வெளிவளையத்தை அம்மா முடிக்கவில்லை. முக்கால்வாசி வந்த கோடு ஓரிடத்தில் சட்டென்று வெட்டி இழுபட்டு, தாளின் விளிம்புக்கு ஓடி வெளியே போயிருந்தது. பேனையைத் தாளிலிருந்து எடுக்காமலே எழும்பியிருக்கிறார். அதற்கு ஒரு இலையும் வைக்கவில்லை, காம்பும் வைக்கவில்லை. அடுத்த நாள் புதுத் தாளில் புதுப் புள்ளி வைத்தார். கொப்பியில் ஒரு பிழை கிடக்கிறது என்று அவருக்குக் காட்டினேன்.

"அது பிழையில்லை பிள்ளை. அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

எனக்கு வேண்டியிருந்த பதில் அந்தக் கோட்டில்தான் இருந்தது. மெசின் சத்தத்துக்கும் விருந்தாளிக்கும் எழும்பாதவர் எனக்காக எழும்பியிருக்கிறார். நானோ அப்பா என்னைத் தேடவில்லை என்ற ஆத்திரத்தில் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு ஒரு காலையில் அப்பா கிணற்று வலையைக் கழற்றினார். சட்டத்தைப் பிரித்து, கம்பியைச் சுருட்டி, கோழிக்கூட்டுக்கு உதவும் என்று எடுத்து வைத்தார். அம்மா பக்கத்தில் நின்று, தானே அள்ளிய தண்ணீரில் பேனை முனையைக் கழுவிக்கொண்டிருந்தார். தம்பி அவர் இடுப்பில் இருந்தான்.

"ஏனப்பா, இனி ஆட்டுக்குட்டி விழாதோ?" என்று கேட்டேன்.

"இனி விழாது" என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா குனிந்து பேனையைக் கழுவிக்கொண்டே மெல்லச் சிரித்தார்.

அந்தப் பார்வையிலும் சிரிப்பிலும் எனக்கு இடமில்லை என்று அப்போதும் எனக்கு எரிந்தது. அந்தக் கிணற்றுக்கட்டு என் நெஞ்சளவு உயரம். எங்கள் வளவில் ஒருநாளும் ஆடு இருந்ததில்லை. அப்பா எந்த உயிருக்காக அத்தனை மாதமும் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார் என்று நான் யோசிக்கவேயில்லை. அம்மாவின் கொப்பியில் இன்னும் எத்தனை தாள் மிச்சமிருக்கிறது, அது எப்போது முடியும் என்பதுதான் எனக்கு அன்று இருந்த ஒரே கவலை.